புதுப்பிப்பு: முதுகுவலியோடு ஓட்ட ஏற்ற கார் இருக்கை

ஆறடிக்கு மேல் உயரமும் கீழ் முதுகில் தட்டு (முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள டிஸ்க்) விலகலும் உள்ள எனக்கு, சென்னையிலிருந்து மதுரை வரை நானே ஓட்டிச் செல்லத் தோதான கார் எது என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் தந்த அனைவருக்கும் நன்றி. ஸ்கோடா குஷாக் வாங்கிவிட்டேன்.

முடிவைத் தீர்மானித்தது மெத்தையின் மென்மை அன்று. ஷோரூமில் சோபாவைப் போல் அமிழ்ந்து சுகம் தந்த இருக்கைகள், அரை மணி நேரம் ஓட்டியதுமே இடுப்பைக் கூன வைத்தன. உயரமானவர்களுக்கு உண்மையான தொல்லை வேறு: கால் நீட்ட இருக்கையைப் பின்னே தள்ளினால் ஸ்டீயரிங் எட்டாது, அதை எட்டிப் பிடிக்க முன்னே குனிந்தால் முதுகு சாய்மானத்தை விட்டு விலகிவிடும். ஆகவே, ஸ்டீயரிங்கை மேலும் கீழும் மட்டுமன்றி நம் பக்கமாகவும் இழுக்க முடிகிறதா என்பதையே முதலில் பார்த்தேன். தோள் சாய்மானத்தில் பதிந்திருக்க, நீட்டிய கையின் மணிக்கட்டு ஸ்டீயரிங்கின் மேல்விளிம்பில் படிந்தால் போதும். தொடை அந்தரத்தில் தொங்காதபடி இருக்கையின் நீளமும் அமைய வேண்டும். சிறிய கார்கள் பெரும்பாலும் எனக்கு இதில்தான் கைவிரித்தன.

சாய்மானத்தைச் சற்றே பின்சாய்த்து இடுப்பு வளைவுக்குத் தாங்கல் கொடுத்தால் தட்டின் மீதான அழுத்தம் குறைகிறது என்பது, 1970களில் ஸ்வீடனில் நடந்த அளவீடுகளிலேயே தெரிய வந்தது. அதற்காகச் சுருட்டிய துண்டு ஒன்றை வைத்துக்கொள்கிறேன்; விலை உயர்ந்த மெத்தைகளைவிட அது எனக்கு நன்றாகவே உதவுகிறது. விழுப்புரத்திலும் திருச்சியிலும் இறங்கி நடப்பதை மட்டும் இன்னும் விடவில்லை.