ஏஜெண்ட் சொன்னது 1,200 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), ஐபிஏ-வில் (வேலை அனுமதிக்கான முன் ஒப்புதல் கடிதத்தில்) இருப்பது 468. தம்பியை சிங்கப்பூர் அனுப்பலாமா?

ஒரத்தநாடு_அக்கா:
எல்லாருக்கும் வணக்கம். என் தம்பிக்கு 23 வயசு, ஐடிஐ எலக்ட்ரீஷியன். சென்னையில சிங்கப்பூர் வேலைக்கான ஸ்கில் டெஸ்ட் அடிச்சு பாஸ் பண்ணிட்டான். ஏஜெண்ட் முதல்ல "எஸ் பாஸ் (நடுத்தரத் திறன் வேலைக்கான அனுமதி), மாசம் 1,200 வெள்ளி கைக்கு வரும், மொத்தம் 4 லட்சம் ரூபாய் கட்டணும்"னு சொன்னார். என் சங்கிலியை அடகு வச்சு 50,000 அட்வான்ஸ் குடுத்தோம். நேத்து வாட்ஸ்அப்ல ஐபிஏ வந்துச்சு. அதுல எஸ் பாஸ் இல்ல, அதுக்குக் கீழ உள்ள ஒர்க் பெர்மிட்னு இருக்கு, பேசிக் சம்பளம் 468 வெள்ளி. கேட்டா, "அது கவர்மெண்டுக்குக் காட்டுற கணக்கும்மா, ஓடி (ஓவர்டைம்) சேர்த்தா 1,200 தாண்டும், போய் மூணு மாசத்துல எஸ் பாஸ் மாத்திக்கலாம்"ங்கிறார். வெள்ளிக்கிழமைக்குள்ள மீதிப் பணம் கட்டணுமாம். அப்பா நிலத்தை ஒத்திக்கு வைக்க ஆள் பார்த்துட்டார். தம்பி பெட்டி கட்டிட்டான். எனக்கு மட்டும் மனசு ஒப்பல. அங்க இருக்கிறவங்க சொல்லுங்க.

ஜூரோங்_வயர்மேன்:
தங்கச்சி, பணம் கட்டாதீங்க. முதல்ல இதைப் படிங்க.

நான் 2011-ல டெஸ்ட் அடிச்சு வந்தவன், உங்க தம்பி வேலைதான் எனக்கும். அந்த 468 எங்கிருந்து வந்துச்சுன்னு எனக்கு நல்லாத் தெரியும். நாள் சம்பளம் 18 வெள்ளி, மாசம் 26 நாள். நானும் அதே 18-ல தொடங்கினவன்தான்.

ஓடி கணக்கை நீங்களே போட்டுப் பாருங்க. இங்க வாரத்துக்கு 44 மணி நேர வேலை. 468-ஐ 12-ஆல பெருக்கி, அதை வருஷத்தோட மொத்த மணி நேரத்தால (52 வாரம் × 44) வகுத்தா மணிக்கு சுமார் 2.45 வெள்ளி. ஓடிக்கு ஒன்றரை மடங்கு, அதாவது 3.68. சட்டப்படி மாசத்துக்கு 72 மணி நேரம்தான் ஓடி. முழுசா பார்த்தாலும் 265 வெள்ளி. 468-ம் 265-ம் சேர்ந்து 733. ஞாயிற்றுக்கிழமை முதலாளி கூப்பிட்டு முழு நாள் வேலை பார்த்தா ரெண்டு நாள் சம்பளம், 36 வெள்ளி. நாலு ஞாயிறும் லீவே இல்லாம போனாலும் மொத்தம் 877. அதுல சாப்பாடு, போன் செலவு வேற இருக்கு. 1,200 எங்க இருக்கு?

எஸ் பாஸ் பேச்சு அதைவிட மோசம். 2025 செப்டம்பர்ல இருந்து எஸ் பாஸுக்குக் குறைஞ்ச சம்பளமே 3,300 வெள்ளி. 468 குடுக்கிற கம்பெனி மூணு மாசத்துல அதை 3,300 ஆக்குமா?

ஐபிஏ "கவர்மெண்டுக்குக் காட்டுற கணக்கு" இல்லை. உங்க தம்பி கையில இருக்கிற ஒரே ஆதாரம் அதுதான். ஏஜெண்ட் வாயால சொன்னது எதுவும் இங்க செல்லாது. அடிப்படைச் சம்பளம், அலவன்ஸ், என்னென்ன பிடிப்பாங்க எல்லாம் அதுல இருக்கும், தமிழ்லயும் இருக்கும். தம்பியை உக்கார வச்சு வரிவரியாப் படிக்கச் சொல்லுங்க. ஏஜெண்ட் சொல்றது உண்மைன்னா, 1,200-னு எழுதின ஐபிஏ-வைக் கம்பெனிகிட்ட மறுபடி வாங்கிட்டு வரச் சொல்லுங்க. வாங்கிட்டு வந்தா நானே வாழ்த்தி அனுப்புவேன்.

அந்த 4 லட்சத்துல லெவி (வெளிநாட்டு ஆளுக்காக முதலாளி அரசுக்குக் கட்டுற மாச வரி), செக்யூரிட்டி பாண்டு (அரசுக்குக் குடுக்கிற பிணை)ன்னு கணக்குச் சொல்றாங்களா? கட்டுமான வேலைக்கு லெவி ஸ்கில்லைப் பொறுத்து மாசம் 500 அல்லது 900 வெள்ளி, பாண்ட் 5,000 வெள்ளி. ரெண்டும் முதலாளி பொறுப்பு. தொழிலாளிகிட்ட வாங்கக் கூடாது.

மதுரைப்பொண்ணு:
அக்கா, இன்னொண்ணும் கவனிங்க. சில பேர் நிஜமாவே எஸ் பாஸ் எடுத்துக் குடுப்பாங்க. பேங்க்ல 3,300 போட்டுட்டு, பாதியை ரொக்கமா திருப்பிக் கேப்பாங்க. எங்க வீட்டுக்காரர்கூட வேலை பார்த்த ஒருத்தர் அப்படி ஒரு வருஷம் குடுத்துட்டு இருந்தார். வேலைக்காக முதலாளி தொழிலாளிகிட்ட பணம் வாங்கினா 30,000 வெள்ளி வரைக்கும் அபராதம், ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயில். அப்படி யாராவது பேசினா, அந்த இடத்துலயே எழுந்து வந்துடுங்க.

ஒரத்தநாடு_அக்கா:
அண்ணா, ராத்திரி தம்பிகிட்ட உங்க கணக்கைக் காட்டினேன். அவனே பேப்பர்ல ரெண்டு தடவை போட்டுப் பார்த்துட்டு எதுவும் பேசல. சிங்கப்பூர் மனிதவள அமைச்சு இணையதளத்துல பாஸ்போர்ட் விவரம் போட்டுப் பார்த்தோம், ஐபிஏ உண்மையானதுதான். கம்பெனியும் இருக்கு. இப்ப போகட்டுமா வேண்டாமா? ஏஜெண்ட்கிட்ட பதிவு எண் கேட்டா "எல்லாம் இருக்கு"ங்கிறார், எண்ணைச் சொல்ல மாட்டேங்கிறார்.

ஜூரோங்_வயர்மேன்:
எண் சொல்லாதவர்கிட்ட இனி ஒரு ரூபாய் குடுக்காதீங்க. இந்திய அரசோட இமைக்ரேட் தளத்துல பதிவு பெற்ற ஏஜெண்ட் பட்டியல் இருக்கு. பதிவு பெற்றவங்களே 30,000 ரூபாயும் அதுக்கு 18 சதவீத ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம், மொத்தம் 35,400. நீங்க குடுத்த அட்வான்ஸே அதைத் தாண்டிடுச்சு. சென்னையில குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகம் இருக்கு. அட்வான்ஸ் குடுத்த ரசீது, வாட்ஸ்அப் பேச்சு, ஐபிஏ மூணையும் எடுத்துட்டு அங்க போய் எழுதிக் குடுங்க. ரசீது இல்லைன்னா, பேங்க்ல பணம் போனதுக்கான பதிவை எடுத்து வைங்க.

போகட்டுமா வேண்டாமான்னா, நான் தம்பி இடத்துல இருந்தா 468-க்கு நிலத்தை ஒத்தி வச்சு வரமாட்டேன். டெஸ்ட் சர்டிபிகேட் அவன் கையில இருக்கு, வேற கம்பெனிக்கு முயற்சி பண்ணலாம்.

எங்க போனாலும் ஐபிஏ-வை நகல் எடுத்து வீட்ல ஒண்ணு வைங்க. 2018-ல என் கம்பெனி ஐபிஏ-ல இருந்ததைவிட குறைச்சு நாலு மாசம் சம்பளம் போட்டுச்சு. டார்மிட்டரி மாறினப்ப என் பேப்பர் எல்லாம் தொலைஞ்சு போச்சு. அம்மா பீரோவுல ரேஷன் கார்டுகூட வச்சிருந்த நகலைப் பக்கத்து வீட்டுப் பையன் போட்டோ எடுத்து அனுப்பினான். அதைக் காட்டித்தான் புகார் குடுத்தேன். வேலையில இருக்கும்போது ஒரு வருஷத்துக்குள்ள, வேலையை விட்டுட்டா ஆறு மாசத்துக்குள்ள புகார் குடுத்துடணும். குறைச்ச பணம் முழுசும் வந்துச்சு.

ஒரத்தநாடு_அக்கா:
அப்பா ஒத்திக்கு ஆள் வரவேணாம்னு சொல்லிட்டார். திங்கக்கிழமை நானும் தம்பியும் சென்னை கிளம்புறோம்.