பாரிமுனையில் மறைந்துபோன தெருக்கள்: உங்களுக்கு எதிர்ப்பட்டதை எழுதுங்கள்

எஸ்பிளனேடுவாசி

சென்னை உயர் நீதிமன்றம் நிற்கும் இடத்தில்தான் பழைய கறுப்பர் பட்டணம், அதாவது புனித ஜார்ஜ் கோட்டைக்கு வெளியே இந்தியர்கள் வாழ்ந்த ஊர், இருந்தது என்பது இங்கே வருகிற எல்லோருக்கும் தெரிந்த கதை. அதை மறுபடி விளக்கப் போவதில்லை. எனக்கு எதிர்ப்பட்டதைச் சொல்லிவிடுகிறேன். மனத்தை விட்டு அகல மறுக்கிறது.

வாடகை வழக்கு ஒன்றுக்காக வக்கீலைப் பார்க்கப் போயிருந்தேன். மே மாதம், உச்சி வெயில். வளாகத்துக்குள் இருக்கிற பழைய கலங்கரை விளக்கத் தூணைத் தாண்டி ஒரு பெரியவர் எனக்கு முன்னால் நடந்துகொண்டிருந்தார். வெள்ளை வேட்டி, கையில் மஞ்சள் பை. நடுவழியில் சட்டென்று நின்றார். குனிந்து செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, கொதிக்கிற தாரில் வெறுங்காலுடன் கொஞ்ச தூரம் நடந்தார். பிறகு செருப்பைக் கீழே போட்டு மாட்டிக்கொண்டு, ஒன்றுமே நடக்காதவர்போல் போனார். அங்கே கோயில் இல்லை, சிலை இல்லை, ஒரு மரம்கூட இல்லை.

எட்டி நடந்து, "ஐயா, கால் சுடவில்லையா?" என்று கேட்டேன்.

"சன்னிதித் தெருவில் செருப்போடு நடக்கச் சொல்கிறாயா, தம்பி?" என்றார்.

அதற்கு மேல் கேட்பதற்குள் வக்கீல் குமாஸ்தா ஒருவர் ஓடி வந்து, வழக்கு எண்ணைக் கூப்பிட்டுவிட்டார்கள் என்று அவர் கையைப் பிடித்து இழுத்துப் போய்விட்டார். பட்டணம் கோயில் அங்கேதான் இருந்தது, இடித்தார்கள், பிறகு சென்னகேசவரும் சென்னமல்லீசுவரரும் தேவராஜ முதலி தெருப் பக்கம் போனார்கள். சரி. ஆனால் தெரு எங்கே தொடங்கி எங்கே முடிந்தது என்பது அவருக்கு எப்படித் தெரியும்? இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் ஒரு குடும்பம் அதைச் சொல்லிச் சொல்லிக் காப்பாற்றியிருக்குமா, அல்லது அவராகவே கட்டிக்கொண்ட கணக்கா? இப்படி யாரையாவது நீங்களும் பார்த்ததுண்டா?

தூண்தேடி

என்னுடையது சின்ன விஷயம். பிரெஞ்சுக்காரர்கள் கறுப்பர் பட்டணத்தை இடித்துத் தள்ளிய பிறகு, இனி யாரும் வீடு கட்டக்கூடாது என்று வெற்றுத் திடலின் எல்லையில் 1773இல் பதின்மூன்று தூண்கள் நட்டார்கள் அல்லவா, அதில் மிஞ்சியிருக்கிற ஒரே தூண் பாரி முனையில் டேர் ஹவுஸ் ஓரத்தில் நிற்கிறது. அதைப் பார்க்கத்தான் போனேன். பக்கத்தில் குடை விற்றுக்கொண்டிருந்தவரிடம், "இந்தத் தூண் என்னவென்று தெரியுமா, அண்ணே?" என்றேன். தலையைத் தூக்காமலே, "வெள்ளைக்காரன் சமாதி. உள்ளே ஆள் இருக்கிறான். அதனால்தான் யாரும் கை வைக்கவில்லை" என்றார்.

அப்படி இல்லை, இது எல்லைக்கல், இதற்கு அந்தப் பக்கம் முழுக்க ஊர் இருந்தது என்று சொன்னேன். சாலையைப் பார்த்தார், நீதிமன்றத்தின் சிவப்புக் கோபுரங்களைப் பார்த்தார். "ஊரை எடுத்துவிட்டுக் கல்லை வைத்தானா?" என்றார். பிறகு மழை வந்துவிட்டது, அவருக்கு வியாபாரம் சூடு பிடித்துவிட்டது. அந்தக் கேள்வியைவிடச் சுருக்கமாக யாரும் வரலாறு எழுதிவிட முடியாது என்பது என் எண்ணம்.

முத்தியால்பேட்டைக்காரி

நீங்கள் எல்லோரும் பெரிய பெரிய தெருக்களைப் பற்றிப் பேசுகிறீர்கள். எங்கள் வீட்டுக் கதையில் காணாமல் போனது ஒரு சந்து.

தாத்தா பெயரில் இருந்த கடையைப் பாகம் பிரிக்கும்போது பழைய பத்திரத்தை எடுத்தோம். லிங்கிச் செட்டித் தெருவுக்குப் பின்பக்கம். செக்குபந்தியில் (நாற்புற எல்லை விவரத்தில்) கிழக்கு எல்லையாக ஒரு சந்தின் பெயர் இருக்கிறது. (பெயரைச் சொல்ல மாட்டேன், வழக்கு நடக்கிறது.) அந்தப் பெயரில் ஒரு சந்து இன்று இல்லை. மாநகராட்சிப் பலகை இல்லை, தபால்காரருக்குத் தெரியவில்லை, தெருவில் இருக்கிற மிக மூத்த பாத்திரக்கடைக்காரருக்கும் தெரியவில்லை. பத்திரமே பொய் என்று எதிர்த்தரப்பு சொல்லத் தொடங்கிவிட்டது.

சர்வேயர் வந்தார். பேசவே இல்லை. சங்கிலியை ஓர் ஓரமாக வைத்துவிட்டு, பக்கத்துக் கிடங்கின் பின்சுவரை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போனார். ஓரிடத்தில் ஓசை மாறியது. அங்கே ஒரு பழைய ஷட்டர், அதன்மேல் அட்டைப்பெட்டிகள். அவற்றை நகர்த்தச் சொல்லி ஷட்டரைத் தூக்க வைத்தார். உள்ளே சந்து இருந்தது! இரண்டு பேர் உரசிக்கொண்டு போகிற அகலம், தரையில் தேய்ந்து பள்ளமான கருங்கல் பலகைகள், மேலே யாரோ போட்ட தகரக் கூரை. நடுவே கழிவுநீர்க் குழாய் ஓடுகிறது. ஒரு பக்கச் சுவரில் விளக்கு வைக்கிற மாடம், அதில் கரிப்படலம் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. என் அம்மா அந்தக் கரியை விரலால் தொட்டுப் பார்த்தாள். நிஜமாகவே விரலில் ஒட்டியது.

தெரு அழிந்துபோகவில்லை, பூட்டி வைத்திருக்கிறார்கள்.

வரைபடப்பித்தன்

மேலே உள்ளவற்றில் சில திருத்தங்கள். தூண்தேடி அவர்களே, பிரெஞ்சுக்காரர்கள் தலையில் முழுப் பழியையும் போடாதீர்கள். 1746இல் கோட்டையைப் பிடித்து 1749இல் திருப்பிக் கொடுக்கும்வரை அவர்கள் இடித்தது கோட்டைச் சுவரை ஒட்டிய பகுதியை. மீதி ஊரைத் தரைமட்டம் ஆக்கியவர்கள் ஆங்கிலேயர்களே. பிரெஞ்சுத் தளபதி லாலி 1758 டிசம்பரில் வந்து முற்றுகையிட்டபோது, கோட்டைக்கு எதிரே வீடுகள் இருந்தால் பகைவனுக்கு மறைவிடம் கிடைக்கும் என்பது அவர்களுக்கு நன்றாகவே உறைத்தது. பீரங்கிக்குப் பார்வை மறைக்காத வெளி வேண்டும் என்பதுதான் அந்தத் திடலின் ஒரே காரணம். குடைக்காரருக்கு இதைச் சொல்லியிருக்கலாம்.

எஸ்பிளனேடுவாசி சொன்ன பெரியவர் விஷயத்திலும் எனக்குச் சந்தேகம். தாமஸ் பிட் ஆளுநராக இருந்த காலத்து (1698–1709) வரைபடத்தில் பெரிய கோயில் ஊருக்கு நடுவே தெளிவாகத் தெரிகிறது. ஆனால் அதன்மேல் இன்றைய வளாகத்தை ஒட்டிப் பார்த்தால் அளவு சற்றுப் பிசகினாலும் தெருவே இடம் மாறிவிடும். செருப்பைக் கழற்றுகிற அளவுக்குத் துல்லியம் அதில் கிடையாது.

என் அனுபவம் இரண்டே வரிதான்: அந்த வரைபடத்தின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு வளாகத்துக்குள் நின்றபோது ஒரு காவலர் வந்து, "என்ன அளக்கிறீர்கள்? நிலம் வாங்கப் போகிறீர்களா?" என்று கேட்டார். சிரிக்கவும் முடியவில்லை, விளக்கவும் முடியவில்லை.

தேட நினைப்பவர்களுக்குச் சில யோசனைகள். ஞாயிறு காலையில் போங்கள். வேலை நாளில் பாரிமுனையில் நிமிர்ந்து பார்க்கக்கூட இடம் கிடைக்காது. வடக்கேயிருந்து தொடங்குங்கள். முத்தியால்பேட்டை, பெத்துநாயக்கன்பேட்டை இரண்டும் பழைய ஊருக்கு வெளியே இருந்த பேட்டைகள். ஊர் போன பிறகு ஊரின் பெயரை அவைதான் சுமந்தன. இரண்டுக்கும் நடுவே இருந்த பள்ளமான நிலத்தைத் தூர்த்துத்தான் ஸ்டீபன் பாப்பம் என்ற ஆங்கிலேயர் பிராட்வேயைப் போட்டார். இன்று அது பிரகாசம் சாலை. மழை நாளில் அங்கே தண்ணீர் தேங்குவதைப் பார்த்தால் பள்ளம் இன்னும் தன் உரிமையைக் கேட்கிறது என்று புரியும். இடங்கை, வலங்கை என்று இரண்டு அணிகளாக இருந்த சாதியினர் தெருக்களுக்காக அடித்துக்கொண்டதும், 1707இல் பிட் ஆளுக்கொரு பேட்டை என்று பிரித்துக் கொடுத்ததும் தெரியாமல் அந்தத் தெருக்களில் யார் ஏன் குடியிருந்தார்கள் என்று புரியாது. அப்புறம் எழும்பூரில் ஆவணக் காப்பகம். அனுமதிக் கடிதத்தை முன்கூட்டியே வாங்குங்கள். தெருப் பெயர்களை ஒரே எழுத்துக்கூட்டலில் தேடாதீர்கள். ஒரு செட்டியார் பெயரை ஆங்கிலக் குமாஸ்தாக்கள் பல விதமாக எழுதி வைத்திருக்கிறார்கள். பென்சில் கொண்டு போங்கள், பேனா வேண்டாம். முத்தியால்பேட்டைக்காரி அம்மா அவர்களே, உங்கள் பத்திரத்துக்கு முந்திய தாய்ப் பத்திரங்களையும் வில்லங்கச் சான்றிதழையும் எடுங்கள், பழைய நகர அளவைப் பதிவேட்டையும் கேட்டு வாங்குங்கள், வக்கீலிடம் சொல்லி...

முத்தியால்பேட்டைக்காரி

எங்கள் வக்கீலுக்குக் கட்டணம் கொடுத்தாகிவிட்டது ஐயா. யோசனை கேட்டு நான் எழுதவில்லை.

சென்ட்ரல்பக்கம்

தெருக்கள் மட்டும்தானா? சென்ட்ரல் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த மூர் மார்க்கெட் சந்தையை யாரும் சொல்லவில்லையே. 1985 மே மாதம் எரிந்த மறுநாள் அப்பாவோடு போனேன். கருகிய சுவருக்கு வெளியே, நனைந்த புத்தகங்களை ஒருவர் பக்கம் பக்கமாகப் பிரித்துச் சாலையில் உலர்த்திக்கொண்டிருந்தார். எல்லாம் ஓரம் கருகியவை. அப்பா ஒன்றை எடுத்து விலை கேட்டார். "எரிந்ததற்கெல்லாம் விலை வைக்கத் தெரியவில்லை சார், நீங்களே சொல்லுங்கள்" என்றார் அவர். அப்பா முழு விலை கொடுத்தார். இப்போது அங்கே புறநகர் ரயில் நிலையம். கட்டடத்தின் சிறிய மாதிரி ஒன்றை வெளியே வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வருகிறது.

தூண்தேடி

மூர் மார்க்கெட் தெருவும் இல்லை, பாரிமுனையும் இல்லை. ஆனால் அந்தப் புத்தகக்காரருக்காகப் பொறுத்துக்கொள்கிறேன்.

பழையமாணவன்

உயர் நீதிமன்றத்தை ஒட்டியிருந்த சட்டக் கல்லூரி 2018இல் இடம் மாறுவதற்கு வெகு காலம் முன்பு அங்கே படித்தவன் நான். வளாகத்துக்குள் உயரமாக, கூம்பு வைத்த ஒரு சமாதி உண்டு. ஜோசப் ஹின்மர்ஸ் என்ற கம்பெனி அதிகாரி 1680இல் இறந்து அங்கே புதைக்கப்பட்டார். அவருடைய விதவையை, பிற்பாடு சென்னையின் ஆளுநரான எலிஹு யேல் மணந்தார். அவர்களுடைய சின்னப் பையன் டேவிட்டும் 1688இல் அங்கேயே. அந்த இடம்தான் ஆங்கிலேயரின் பழைய இடுகாடு. லாலியின் ஆட்கள் சமாதிகளுக்குப் பின்னால் பதுங்கிச் சுட்டார்கள் என்று பிற்பாடு கல்வெட்டுப் பலகைகளைப் பெயர்த்துக் கோட்டைக்குள் புனித மேரி தேவாலய முற்றத்தில் பதித்துவிட்டார்கள். நாங்கள் அந்த மேடையில் உட்கார்ந்துதான் தேர்வுக்குப் படித்தோம்; யார் சமாதி என்று யாருக்கும் அக்கறை இல்லை.

பெருக்குகிற அம்மா ஒருவர் இருந்தார். ஒரு வெள்ளிக்கிழமை காலையில் சீக்கிரம் போனபோது, அடிமேடையில் ஒரு சாமந்திப் பூவை வைத்துவிட்டுத் துடைப்பத்தை எடுத்தார். "என்ன ஆயா, வெள்ளைக்காரனுக்குப் பூ வைக்கிறீர்கள்?" என்று ஒருவன் கேலி செய்தான். "பெரியவனுக்கு இல்லை. உள்ளே ஒரு பிள்ளை கிடக்கிறதாம். அதற்கு யார் இருக்கிறார்கள்?" என்றார்.

அவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் அன்று முதல் எனக்கு ஒரு கோபம் இருக்கிறது. அதே மண்ணில் நெசவாளர்கள், சாயக்காரர்கள், துபாஷிகள் என்று ஓர் ஊரே வாழ்ந்தது. அவர்களுடைய ஒரு திண்ணை, ஒரு கிணற்றுச் சுற்றுச்சுவர் மிஞ்சவில்லை. சமாதி மட்டும் பாதுகாக்கப்பட்ட சின்னம்; 2023இல் வாகன நிறுத்தத்துக்காக அதை இடம் மாற்றச் சொல்லித் தீர்ப்பு வந்ததும் நாளிதழ்கள் பக்கம் பக்கமாக எழுதின. ஊர் போனதற்கு யார் எழுதினார்கள்? ஆகவே வரைபடப்பித்தன் அவர்களே, பெரியவருடைய செருப்பைத் துல்லியம் பார்த்து நிறுக்காதீர்கள். அவர் சற்றுத் தள்ளியே கழற்றியிருக்கட்டும். அந்த ஊருக்கு அவ்வளவாவது ஒருவர் செய்தாரே.

வரைபடப்பித்தன்

உணர்ச்சி வேறு, இடம் வேறு. கோயிலுக்கே மாற்றிடம் கிடைத்தது, மணலி முத்துகிருஷ்ண முதலியார் முன்னின்று கட்டினார். ஒன்றுமே மிஞ்சவில்லை என்பது மிகை.

பழையமாணவன்

சாமிக்கு மாற்றிடம் கிடைத்தது. சாயக்காரருக்கு?

பீச்ஸ்டேஷன்

சண்டையை நிறுத்துங்கள், எனக்கு நடந்ததைக் கேளுங்கள்.

நான் வேலைக்குப் போகிற வழியே உயர் நீதிமன்ற வளாகத்தின் ஊடாகத்தான். ஒரு வாயிலில் நுழைந்து மறு வாயிலில் வெளியேறினால் வெயிலும் மிச்சம், நேரமும் மிச்சம். ஆண்டுக்கு ஒரு நாள் எல்லா வாயில்களையும் பூட்டிவிடுவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன்; சனிக்கிழமை இரவு எட்டு மணிக்குப் பூட்டினால் ஞாயிறு இரவு எட்டு வரை யாருக்கும் அனுமதி இல்லை. அந்த ஞாயிறு எனக்குப் பணி இருந்தது, பூட்டு நினைவில் இல்லை. வாயிலுக்குப் போய் நின்றால் பெரிய பூட்டு. உள்ளே ஒரு காவலர் நாற்காலியில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தார்.

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "என் அப்பா காலத்திலிருந்து இதுதான் சார் எங்களுக்கு வழி!" என்று கத்தினேன்.

அவர் எழுந்து வந்தார். கம்பிக்கு அருகில் நின்று, அமைதியாக, "அதை யாரும் சொல்லக்கூடாது என்பதற்காகத்தான் சார் பூட்டுகிறோம்" என்றார். சொல்லிவிட்டுக் கம்பி வழியாக எனக்குக் கொஞ்சம் கடலை நீட்டினார்.

வாங்கிக்கொண்டு சுற்றுவழியில் நடந்தேன். போகிற வழி முழுக்க, ஓர் ஊரை இடித்தவர்களுக்கு அதன் தெருவைக் கண்டு இன்னும் பயம் போகவில்லையா என்று தோன்றிக்கொண்டே இருந்தது.

வரைபடப்பித்தன்

அது பயம் இல்லை, 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம். தடையில்லாமல் இருபது ஆண்டுகள் ஒரு வழியைப் பயன்படுத்தினால் வழியுரிமை கோரலாம். அரசு நிலமென்றால் காலம் இன்னும் கூடும். ஒரு நாள் பூட்டினால் தொடர்ச்சியாகத் திறந்திருந்தது என்று யாரும் சொல்ல முடியாது என்பது அந்த வழக்கத்தின் நோக்கம். கறுப்பர் பட்டணத்துக்கும் இதற்கும் தொடர்பு இல்லை.

எஸ்பிளனேடுவாசி

தொடர்பு இல்லை என்று ஒரே அடியாகச் சொல்லாதீர்கள். ஊருக்குள் நடந்தவனும் வளாகத்துக்குள் நடப்பவனும் கேட்பது ஒன்றைத்தான்.

முத்தியால்பேட்டைக்காரி

பித்தன் ஐயா, இந்த ஒரு யோசனையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். எங்கள் சந்தில் ஷட்டர் போட்டவர்களும் இதே காரணத்துக்காகத்தான் போட்டிருப்பார்கள் என்று இப்போதுதான் புரிகிறது. ஷட்டர் எந்த ஆண்டில் பொருத்தப்பட்டது, அதற்கு முன் யார் யார் அந்த வழியாகத் தண்ணீர் எடுத்துப் போனார்கள் என்று கேட்க எங்கள் தெருவில் இரண்டு பாட்டிகள் மீதி இருக்கிறார்கள். நாளைக் காலையில் அம்மாவையும் கூட்டிக்கொண்டு அவர்களிடம் போகிறேன்.