ஒரே பெட்டியில் இரண்டு ஸ்லாட் கார்கள்: ஒன்று ஓடுகிறது, மற்றது சூடாகிறது. உதவி தேவை

கேள்வி:
பல ஆண்டுகள் தேடி, அரோரா நிறுவனத்தின் 'மாடல் மோட்டாரிங்' பந்தயப் பெட்டி ஒன்றை வாங்கினேன். தடத்தின் பள்ளத்தில் மின்சாரத்தால் ஓடும் பொம்மைக் கார்கள்தான் இந்த ஸ்லாட் கார்கள். தடத் துண்டுகள் முழுமையாக இருக்கின்றன, மின் பெட்டி மட்டும் இல்லை. 12 வோல்ட் டிசி (ஒரே திசையில் பாயும் மின்சாரம்) அடாப்டரை இணைத்தேன். சிவப்புக் கார் ஓடுகிறது, ஆனால் மின்சாரம் ஏறும் துண்டிலிருந்து விலக விலகத் தளர்கிறது. நீலக் கார் அசையவே இல்லை. விசையை அழுத்தினால் ஒரு முறை 'டக்' என்கிறது, பிறகு சத்தமே இல்லை. அரை நிமிடத்தில் அடிப்பகுதி சுட்டது, உடனே எடுத்துவிட்டேன். மோட்டார் எரிந்துவிட்டதா? வேறு அடிச்சட்டம் வாங்கிப் பொருத்தலாமா? மனம் வரவில்லை.

பதில் 1:
தயவுசெய்து எதையும் மாற்றாதீர்கள். அந்த 'டக்' சத்தம்தான் விஷயம். இரண்டு கார்களின் மேற்கூட்டையும் கழற்றி, உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லுங்கள்.

கேட்டவர்:
சிவப்பில் மேல் தகட்டின் மீது மூன்று பற்சக்கரங்கள் வரிசையாக இருக்கின்றன. நீலத்தில் ஒரு செப்புக் கம்பிச் சுருளும் அதன் அருகே மெல்லிய உலோகத் தகடும் தெரிகின்றன. வழக்கமான மோட்டார் எதுவும் இல்லை.

பதில் 1:
நினைத்தேன். நீலக் கார் 1960-இல் வந்த 'வைப்ரேட்டர்' வகை. சிவப்பு 1963-இல் வந்த 'தண்டர்ஜெட்'. இரண்டுக்கும் மின்சாரமே வேறு. தண்டர்ஜெட்டுக்கு டிசி, வைப்ரேட்டருக்கு ஏசி (திசை மாறி மாறிப் பாயும் மின்சாரம்) வேண்டும். ஏசி ஏறி இறங்கும்போது சுருள் அந்தத் தகட்டை இழுத்து விட்டு, இழுத்து விட்டு அதிர வைக்கிறது. அதிரும் தகடு பற்சக்கரத்தைத் தள்ளிக்கொண்டே போகிறது. டிசி கொடுத்தால் ஒரு முறை இழுக்கும், விடாது. அதுதான் உங்கள் 'டக்'. ஏசியில் சுருளின் தூண்டல் தடையும் (மாறும் மின்னோட்டத்துக்குச் சுருள் காட்டும் எதிர்ப்பு) மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும். டிசியில் கம்பியின் மின்தடை மட்டுமே மிஞ்சுவதால் அதிக மின்னோட்டம் பாய்ந்து சூடேறியது.

முதலில் மல்டிமீட்டரில் சுருளின் மின்தடையை அளந்து பாருங்கள். ஏதேனும் அளவு காட்டினால் கம்பி அறுபடவில்லை. பிறகு மூடிய உறையுள்ள, 16 வோல்ட் ஏசி தரும் புதிய டிரான்ஸ்பார்மர் வாங்குங்கள். பழைய மின் பெட்டி எங்காவது கிடைத்தால் சேகரிப்பில் வையுங்கள். அதன் காப்பு உறை வெடித்த வயரை மின்சாரத்தில் செருகாதீர்கள், இதில் எனக்கு விட்டுக்கொடுப்பே கிடையாது. ஏசி ஓடும் தடத்தில் தண்டர்ஜெட்டை வைக்கவும் கூடாது. அது ஓடாமல் நடுங்கிச் சூடாகும். ஏசி, டிசி என்று இரு மின் இணைப்புகளிலும் பெயர் எழுதி ஒட்டிவிடுங்கள்.

பதில் 2:
சிவப்பு தளர்வதற்குத் தண்டவாளத் துருதான் காரணம். உப்புத்தாளால் நன்றாகத் தேயுங்கள்.

பதில் 3:
உப்புத்தாள் வேண்டாம் ஐயா. மேற்பரப்பில் கீறல் விழும், கீறலில் மறுபடி துரு பிடிக்கும். இரும்புக் கம்பி நாரும் ஆகாது. அதன் துகள்களை மோட்டார் காந்தம் உள்ளே இழுத்துக்கொள்ளும். பென்சில் எழுத்தை அழிக்கும் ரப்பரால் தேய்த்து, ஐசோபிரபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்தால் போதும்.

ஆனால் முதல் சந்தேகம் தடத் துண்டுகள் சேரும் இணைப்புகள் மீதுதான். மின்சாரம் ஒவ்வொரு இணைப்பையும் கடந்துதான் மறுமுனைக்குப் போகிறது. ஒவ்வொன்றும் கொஞ்சம் வோல்ட்டை விழுங்கும். கார் இல்லாமல் அளந்தால் குறை தெரியாது. காரைத் தடத்தில் ஓடவிட்டு, கையால் லேசாகத் தடுத்தபடி இரு முனைகளிலும் அளந்து பாருங்கள்.

கேட்டவர்:
அளந்தேன். ஏறும் துண்டில் 11.8 வோல்ட், எதிர்முனையில் 7.4. இணைப்பு முனைகளைத் துடைத்து, தளர்ந்திருந்த இரண்டை மெல்ல நெருக்கிவிட்டேன். இப்போது எதிர்முனையில் 10.9. சிவப்பு சீராக ஓடுகிறது.

பதில் 3:
மிச்சத்துக்கு எதிர்முனைத் துண்டுக்கு ஒரு துணை வயர் இழுங்கள். எந்தத் தண்டவாளம் எந்த முனை என்று பார்த்து இணையுங்கள், மாறினால் குறுக்கிணைப்பு (ஷார்ட் சர்க்யூட்) ஆகிவிடும்.

கேட்டவர்:
இன்று டிரான்ஸ்பார்மர் வந்தது. சுருள் உயிரோடுதான் இருந்தது. தடத்தைப் பிரித்து ஏசிக்கென்று ஒரு சிறு வளையம் அமைத்தேன். விசையை அழுத்தினேன். நீலக் கார் வண்டு போல ரீங்கரித்துக்கொண்டு வளையத்தைச் சுற்றி வந்தது. நான்கு சுற்று முடிந்ததும் நிறுத்தித் தொட்டுப் பார்த்தேன், வெதுவெதுப்புதான். அடிச்சட்டம் அப்படியே இருக்கிறது. உங்கள் இருவருக்கும் மிக்க நன்றி.