ஆடிட் அறிக்கையில் ‘அன்குவாலிஃபைட்’: எங்கள் அபார்ட்மெண்ட் குழுவில் நடந்த பேச்சு

கீதா (பி4): பொருளாளர் சார், நோட்டீஸில் "ஆடிட்டர் அன்குவாலிஃபைட் ஒப்பீனியன் கொடுத்திருக்கிறார்" என்று போட்டிருக்கிறீர்களே, தகுதி இல்லாத ஆளிடமா நம் கணக்கைக் கொடுத்தோம்? மாதாமாதம் மெயின்டனன்ஸ் கட்டுகிறவர்களுக்குக் கவலை வரத்தானே செய்யும்.

பொருளாளர்: கவலையே வேண்டாம்மா, நல்ல செய்திதான். ராமநாதன் சார் ஆடிட்டர் ஆபீஸில் இருந்தவர், அவர் சொன்னால் தெளிவாக இருக்கும்.

ராமநாதன் (சி1): அந்தச் சொல் ஆடிட்டரைப் பற்றியது இல்லைம்மா, அவர் கொடுத்த கருத்தைப் பற்றியது. ஆளுக்கு முன்னால் வந்தால் படிப்போ பயிற்சியோ இல்லாதவர் என்று பொருள், ஊசி போடும் போலி டாக்டரை அப்படித்தான் சொல்வார்கள். கருத்து, ஆதரவு, வெற்றி, மன்னிப்பு இவற்றோடு வந்தால் "ஆனால்", "தவிர" எதுவும் போடாதது, முழுமையானது. நம் சம்ப் மோட்டார் ரிப்பேருக்கு பில் இல்லாமல் போய், அது பெரிய தொகையாகவும் இருந்திருந்தால், "இந்தச் செலவைத் தவிர மற்றதெல்லாம் சரி" என்று எழுதியிருப்பார். அதற்குப் பெயர்தான் குவாலிஃபைட் ஒப்பீனியன், அது வந்தால்தான் நாம் கேள்வி கேட்க வேண்டும். இப்போதைய தணிக்கைத் தரநிலை எஸ்ஏ 700-இல் ‘அன்மாடிஃபைட்’ என்றுதான் இருக்கிறது, பழக்கத்தில் பழைய சொல்லே ஓடுகிறது.

கீதா (பி4): அப்பாடா! சரி சார், அவர் நிஜமாகவே சிஏதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ராமநாதன் (சி1): நல்ல கேள்வி, எல்லோரும் கேட்க வேண்டியது. கடைசிப் பக்கத்தில் கையெழுத்துக்குக் கீழே உறுப்பினர் எண்ணும் 18 இலக்க யூடினும் (ஒவ்வொரு ஆவணத்துக்கும் தனியாகக் கொடுக்கும் அடையாள எண்) இருக்கும். 2019 ஜூலை 1 முதல் எல்லா ஆடிட் அறிக்கைக்கும் அது கட்டாயம். சிஏ இன்ஸ்டிடியூட்டின் யூடின் தளத்தில் போட்டால் நம் அறிக்கைக்குக் கொடுத்த எண்தானா என்று தெரிந்துவிடும்.

வக்கீல் சுந்தரி (ஏ2): எங்கள் கோர்ட்டிலும் இந்தச் சொல் தினமும் வரும். நீதிமன்ற அவமதிப்பு வழக்கில் "அன்குவாலிஃபைட் அபாலஜி" என்றால் நிபந்தனையே இல்லாத மன்னிப்பு. "யார் மனதாவது புண்பட்டிருந்தால் வருந்துகிறேன்" என்று இழுத்தால் நீதிபதிக்குப் பிடிக்காது. ஆனாலும் 1971-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12-வது பிரிவைப் பாருங்கள், உண்மையான மனதோடு கேட்டிருந்தால் நிபந்தனை இருக்கிறது என்பதற்காக மட்டும் அதைத் தள்ளிவிடக் கூடாது என்று சொல்கிறது. எனக்கு மிகவும் பிடித்த விளக்கம் அது.

பிரவீன் (டி3): ஆன்ட்டி, டிஸ்குவாலிஃபைட் என்பதும் இதுவும் ஒன்றா? குரூப் 2-க்குப் படிக்கிறேன், குழப்பமாக இருக்கிறது.

வக்கீல் சுந்தரி (ஏ2): இல்லைப்பா. மக்களவைக்கு நிற்க 25 வயது ஆக வேண்டும், 24 வயதுக்காரருக்கு அந்தத் தகுதி இன்னும் வரவில்லை, அவர் அன்குவாலிஃபைட், அவ்வளவுதான். ஆனால் ஒரு எம்.பி. குற்றவாளி என்று தீர்ப்பாகி 2 ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை பெற்றால், இருந்த தகுதி பறிபோகிறது. அதுதான் டிஸ்குவாலிஃபைட், பேப்பரில் ‘தகுதிநீக்கம்’ என்று போடுவார்கள்.

பிரவீன் (டி3): புரிந்தது ஆன்ட்டி, நன்றி.

கீதா (பி4): பொருளாளர் சார், நோட்டீஸை மாற்றிவிடுங்களேன், "குறை சொல்லாத ஆடிட் அறிக்கை வந்திருக்கிறது" என்று போட்டால் எல்லோருக்கும் புரியும். கடைசிப் பக்கத்தையும் இங்கே அனுப்புங்கள், யூடினை நானே பார்த்துவிடுகிறேன்.

பொருளாளர்: இப்போதே அனுப்புகிறேன்மா. புது நோட்டீஸ் சாயங்காலம் லிஃப்ட் பக்கத்தில் ஒட்டிவிடுவோம்.