மனோரஞ்சிதம் வளர்த்தவர்கள் சொல்லுங்களேன்

தஞ்சாவூரிலிருந்து:

எங்கள் கொல்லையில் கிணற்றடி ஓரமாக ஒன்று நிற்கிறது. வருஷம் முழுக்கப் பச்சை. பூவும் முதலில் இலை நிறத்திலேயே இருப்பதால் சட்டென்று கண்ணில் படாது. அது மஞ்சளாகத் திரும்பிய பிறகுதான் பலாவா, வாழைப்பழமா என்று மூக்கு தேட ஆரம்பிக்கும். மனசில் எதை நினைத்து முகர்கிறோமோ அந்த வாசனையே வரும் என்பார் என் மாமியார். நானும் மல்லிகையை நினைத்து முகர்ந்து பார்த்தேன். பழ வாசனைதான் வந்தது!

பூக்காம்பைப் பாருங்கள், தூண்டில் முள் மாதிரி வளைந்திருக்கும். அந்தக் கொக்கியால் பக்கத்துக் கிளையைப் பிடித்துத்தான் மேலே ஏறுகிறது. சும்மா விட்டால் கொடியாக மாமரத்தின் மேல் போய்விடும், அப்புறம் பூப்பறிக்க ஏணிதான். அவ்வப்போது நுனியை வெட்டிவிட்டால் புதராகவே நிற்கும்.

விதை போட்டால் முளைக்கவும் நேரமெடுக்கும், பூவுக்கு வருஷக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டும். பதியன் கன்றே வாங்குங்கள்.

காரைக்குடியிலிருந்து:

எல்லாம் சரி அக்கா, பாம்பு? வாசனைக்குப் பாம்பு வரும் என்று எங்கள் அப்பத்தா இந்தச் செடியை வாசலுக்குள்ளேயே விடமாட்டார். ஆனாலும் வைத்துவிட்டேன். பாம்பு தேடி வருவது எலியையும் தவளையையும். பூவுக்கு வருவது சின்னச் சின்ன வண்டுகள்தான். என்ன, அடர்ந்த புதருக்கடியில் குளிர்ச்சியும் மறைவும் கிடைத்தால் எந்தச் செடியானாலும் பாம்பு படுக்கும். அதனால் முழங்கால் உயரத்துக்குக் கீழே கிளையே விடுவதில்லை. சருகையும் கூட்டித் தள்ளிவிடுவேன். இப்போது அப்பத்தாவே காலையில் ஒரு பூ கேட்கிறார், பூஜை அறையில் வைக்க.

சென்னையிலிருந்து:

மொட்டைமாடியில் தொட்டியில் வைத்திருக்கிறேன். இலை தளதளவென்று இருக்கிறது, பூ மட்டும் இல்லை. என்ன செய்யலாம்?

தஞ்சாவூரிலிருந்து:

தம்பி, கடலைப் பிண்ணாக்கு தாராளமாகப் போடுகிறீர்களோ? தழைச்சத்து கூடினால் இலையாகத்தான் தள்ளும். அதைக் குறைத்துவிட்டு எலும்புத்தூளும் சாம்பலும் கொஞ்சம் போட்டுப் பாருங்கள். காலை வெயில் கட்டாயம் படவேண்டும். வேர் தொட்டியை அடைத்திருந்தால் பெரிய தொட்டிக்கு மாற்றுங்கள். முடிந்தால் தரைக்கே மாற்றிவிடுங்கள். இது மண்ணில் கால் ஊன்றி வளர ஆசைப்படுகிற ஜாதி.