ஒரு நாள் கூட்டுப் பயிற்சி: சுகாதாரத் துறைக்கும் கால்நடைத் துறைக்கும் பொதுவாக எதைக் கற்பிப்பது?

கேள்வி (சுகாதார ஆய்வாளர்):
அனைவருக்கும் வணக்கம். இராமநாதபுரம் கடலோர வட்டாரம் ஒன்றில் பணிபுரிகிறேன். கிராம சுகாதார செவிலியர்களையும் கால்நடை உதவி மருத்துவர்களையும் ஒரே இடத்தில் அமர்த்தி, தொற்றுநோய் பரவும்போது செய்ய வேண்டியவை குறித்து ஒரு நாள் பயிற்சி நடத்தும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. சக்கரக்கோட்டை, தேர்த்தங்கல் கண்மாய்களுக்கு வலசைப் பறவைகள் வரும் பருவம் நெருங்குவதால் பறவைக் காய்ச்சலை எடுக்கலாம் என்கிறார்கள் சிலர். வெறிநாய்க்கடியே போதும் என்கிறார்கள் வேறு சிலர். நாள் முழுவதும் படம் காட்டிப் பேசினால் மதியச் சாப்பாட்டோடு கூட்டம் கலைந்துவிடும். எதை, எப்படி நடத்தலாம்?

பதில் 1 (கால்நடை மருத்துவர்):
நான் அடைப்பானைத்தான் (ஆந்த்ராக்ஸ்) எடுப்பேன். முந்தைய நாள் வரை நன்றாக மேய்ந்த ஆடு கிடையில் திடீரென்று செத்துக் கிடக்கிறது. மூக்கிலிருந்தும் ஆசனவாயிலிருந்தும் உறையாத கருஞ்சிவப்பு இரத்தம் வடிகிறது. அந்தச் சடலத்தை அறுத்துப் பார்க்கக் கூடாது. காற்றுப் பட்டால் கிருமி வித்துகளாக மாறிப் பல பத்தாண்டுகள் மண்ணிலேயே கிடக்கும். காது நுனி இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் பூசி அனுப்பினாலே சோதனைக்குப் போதும். இவை எங்கள் துறையினர் படித்தவைதான். ஆனால் அந்த ஆட்டைத் தோலுரித்தவரின் கையில் சில நாட்களில் வலியில்லாத கரும்புண் தோன்றி, அவர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரும்போது, "அண்மையில் ஆடு மாடு ஏதும் செத்ததா?" என்று அங்கே யாராவது கேட்பார்களா? அதைக் கேட்க வைப்பதே பயிற்சியின் வேலை.

பதில் 2 (கிராம சுகாதார செவிலியர்):
ஐயா சொல்வதை மறுக்கவில்லை. ஆயினும் என் பணிக்காலத்தில் அடைப்பான் நோயாளி ஒருவரையும் நான் கண்டதில்லை. மீன் காயவைக்கும் களங்களைச் சுற்றித் திரியும் நாய்களிடம் கடிபட்டு வருபவர்களோ ஓய்வதேயில்லை. காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவுவதும் தடுப்பூசி அட்டவணையும் எங்களுக்கு மனப்பாடம். கடித்த நாயைப் பத்து நாள் கண்காணிப்பது யார், அதற்குள் அது செத்தால் அதனிடம் கடிபட்ட மற்ற மனிதர்களையும் மாடுகளையும் தேடுவது யார் என்பதில்தான் நாங்கள் தடுமாறுகிறோம். ஆண்டுக்கொருமுறைகூட வராத நோய்க்குப் பயிற்சி பெற்றால், வரும்போது அது நினைவில் இருக்காது.

பதில் 3 (ஓய்வுபெற்ற பயிற்றுநர்):
நோய் எதுவானாலும், ஒரே நிகழ்வைத் துண்டு துண்டாக எழுதி, செவிலியருக்கு நோயாளியின் விவரத்தையும் கால்நடை மருத்துவருக்கு விலங்கின் விவரத்தையும் மட்டும் கொடுங்கள். ஒருவரை ஒருவர் அழைத்துப் பேசாமல் முடிவுக்கு வர முடியாதபடி அதை அமைத்தால், யாருடைய எண் யாரிடம் இல்லை என்பது அரை மணி நேரத்தில் வெளிப்பட்டுவிடும். பறவைக் காய்ச்சல் என்றால் வனத்துறையையும் அழைக்க வேண்டும். மாதிரி போபாலில் உள்ள உயர்பாதுகாப்பு விலங்குநோய் ஆய்வகம் வரை சென்று முடிவு வருவதற்குள், செத்த பறவையைத் தொட்டவர்களைக் கண்காணிப்பது யார் என்பதைத் தீர்மானிக்கச் சொல்லுங்கள்.

மதியத்துக்குப் பின் பாதுகாப்பு உடையைக் கழற்றும் பயிற்சியை வையுங்கள். அணிவதை எல்லோரும் செய்துவிடுவார்கள். தொற்று ஏறுவது கழற்றும்போதுதான். கையுறையில் குங்குமக் கரைசலைத் தடவிவிட்டுக் கழற்றச் சொன்னால், முகத்திலும் மணிக்கட்டிலும் ஒட்டிய சிவப்பே எந்த உரையைவிடவும் நன்றாகப் பாடம் நடத்தும். சாப்பாட்டுக்குப் பின் தூங்கவும் மாட்டார்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. நாய்க்கடியையே நிகழ்வாக எழுதப் போகிறேன். அடைப்பானை அடுத்த முறைக்கு வைத்துக்கொள்கிறேன். ஆட்டுக் கிடைகளோடு ஊர் ஊராகப் பெயரும் மேய்ப்பர்களான கீதாரிகளையும் அழைக்கலாமா?

பதில் 1 (கால்நடை மருத்துவர்):
அடைப்பானுக்குக் கட்டாயம் அழையுங்கள். விலங்குகளின் தொற்றுநோய்த் தடுப்புக்கான 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி, பட்டியலில் உள்ள நோய் இருப்பதாக ஐயம் எழுந்தாலே உரிமையாளர் தெரிவிக்க வேண்டும். ஆனால் சாகும் நிலையில் உள்ள ஆட்டை இறைச்சிக்கு விற்றால் கிடைக்கும் பணம், சொன்னால் கிடைக்காது என்பதால் அவர்கள் தயங்குகிறார்கள். அதை முன்வைத்தே பேச்சைத் தொடங்குங்கள். கிடை வேறு மாவட்டத்துக்குப் பெயர்ந்த பிறகு அவர்களைப் பிடிப்பது கடினம். ஆகவே நாளைக் குறிக்குமுன் அவர்களைக் கேட்டுக்கொள்ளுங்கள்.