புதுப்பிப்பு: சவுண்ட்பாரில் அட்மாஸ் வந்துவிட்டது

ஆப்டிகல் கேபிளில் டிவியோடு இணைத்த சவுண்ட்பாரில் அட்மாஸ் (சுற்றிலும் மேலிருந்தும் ஒலி வருவதுபோல் கேட்கவைக்கும் டால்பி முறை) ஏன் வரவில்லை என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

கோளாறு எதுவும் இல்லை. ஆப்டிகலில் ஸ்டீரியோ பிசிஎம் (சுருக்காத இரண்டு சேனல் ஒலி), சாதாரண 5.1 டால்பி, அதுபோன்ற இன்னொரு சரவுண்ட் முறையான டிடிஎஸ் இவ்வளவுதான் போகும். ஓடிடியில் அட்மாஸ் வருவது டால்பி டிஜிட்டல் பிளஸ் என்ற வேறு வடிவத்தில். அதற்கு எச்டிஎம்ஐ வேண்டும். மும்பை லேமிங்டன் ரோட்டில் ஒரு எச்டிஎம்ஐ கேபிள் வாங்கி, டிவியில் 'ஆர்க்' (டிவியின் ஒலியை எச்டிஎம்ஐ வழியாக சவுண்ட்பாருக்கு அனுப்பும் வசதி) என்று எழுதியிருக்கும் போர்ட்டில் செருகினேன். அப்போதும் ஸ்டீரியோதான்! டிவி செட்டிங்கில் டிஜிட்டல் அவுட்புட்டை பிசிஎம்மிலிருந்து பாஸ்-த்ரூவுக்கு (ஒலியை மாற்றாமல் அப்படியே அனுப்புவது) மாற்றியதும் சவுண்ட்பாரில் 'அட்மாஸ்' என்று எழுத்து ஓடியது. அப்பாவுக்கும் வசனம் தெளிவாகக் கேட்கிறதாம், எனக்கு அதுதான் பெரிய சந்தோஷம்.

ப்ளூ-ரேயின் ட்ரூஎச்டி (தரம் குறையாத டால்பி வடிவம்) ஒலி டிவி வழியாக வர வேண்டுமென்றால் ஆர்க் போதாது. டிவி, சவுண்ட்பார் இரண்டிலும் ஆர்க்கின் மேம்பட்ட வடிவமான ஈ-ஆர்க் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.